உயிருடன் இருப்பவர்களைத் தேட முடியாது

செத்தவர்களோடு வேலை செய்வது சுகம். கூப்பிட்ட நேரத்துக்கு வருவார்கள், எதிர்த்துப் பேச மாட்டார்கள். தொல்லையெல்லாம் அவர்களுடைய பேரன் பேத்திகளால்தான்.

அனுபவத்தில் சொல்கிறேன். சில வருடங்களாக நானும் இன்னும் சிலரும் சேர்ந்து ஓர் இணையதளம் கட்டிக்கொண்டிருக்கிறோம். யார் வேண்டுமானாலும் தங்கள் குடும்ப மரத்தை அதில் வரையலாம். கொள்ளுத்தாத்தா யார், அவருடைய தங்கை எங்கே வாழ்க்கைப்பட்டாள் என்று தேடலாம். உங்கள் கொள்ளுத்தாத்தாவும் என் கொள்ளுத்தாத்தாவும் ஒரே ஆள் என்று தெரிந்தால் இரண்டு மரத்தையும் ஒட்டிவிடலாம். கட்டணம் கிடையாது, விளம்பரம் கிடையாது. தளத்தின் நிரல் முழுக்கத் திறந்து கிடக்கிறது. தெரிந்தவர்கள் திருத்தலாம், பிடிக்காதவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டு போய் வேறு கடை போடலாம்.

பெயர் வைக்கவே பெரும்பாடு பட்டோம். 'வேர்' என்றார் ஒருவர், 'விழுது' என்றார் இன்னொருவர். 'ஆணிவேர்' என்று மூன்றாமவர் கிளம்பியபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. "இப்படியே அடிச்சுக்கிட்டா ஒட்டுமில்லை உறவுமில்லைன்னு ஆளுக்கொரு பக்கம் போகப் போறோம், அதையே பேரா வையுங்க" என்று கத்தினேன். 'ஒட்டுறவு' என்று வைத்துவிட்டார்கள்.

வருகிறவர்களில் பாதிப் பேர் ராஜ பரம்பரை. ராஜாவின் குதிரைக்குப் புல் போட்டவனுக்கு மட்டும் இதுவரை ஒரு வாரிசுகூட வந்து சேரவில்லை. பாவம், சந்ததியே இல்லாமல் போய்விட்டான் போலிருக்கிறது.

எங்கள் கூட்டத்தில் முக்கியமானவர்கள் மூன்று பேர். திரையில் தெரிகிற அழகெல்லாம் தாடியின் கைவண்ணம். அவனை நான் நேரில் பார்த்ததே இல்லை. எப்போதோ தாடியை மழித்துவிட்டான், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது ஆள் நூலகர். ஓய்வு பெற்ற அம்மாள், விதிகளுக்குக் காவல் அவர்தான். யார் எதை எழுதினாலும் அடியில் "ஆதாரம்?" என்று ஒரே வார்த்தை எழுதுவார். சொந்தக் கல்யாணத்துக்கே ஆதாரம் கேட்டுவிட்டுத்தான் கழுத்தை நீட்டியிருப்பார் என்று தாடி சொல்வான். மூன்றாவது நான். பகலில் ஒரு மருத்துவமனையின் கணினிகளைக் கட்டி மேய்க்கிற வேலை, மிச்ச நேரமெல்லாம் ஒட்டுறவுக்கு.

தளத்தின் விதிகளில் ஒன்று என்னுடையது. சண்டை போட்டுக் கொண்டுவந்தது. உயிருடன் இருப்பவர்களுடைய பக்கம் வெளியாருக்குத் தெரியக் கூடாது. சொந்தக் குடும்பத்து மரத்தில் சேர்ந்தவர்கள் மட்டும் பார்க்கலாம். மற்றவர்கள் தேடினால் அகப்படாது, வேறு மரங்களோடு ஒப்பிடுகிற நிரலும் அதைத் தொடாது. ஆரம்ப காலத்தில் இந்தப் பூட்டு இல்லை. ஒரு பெண்ணின் சித்தப்பா மகன் பாசத்தோடு குடும்ப மரம் போட்டான். அவள் பயந்து விலகி வந்த கணவன் அதைப் பார்த்து ஊரைக் கண்டுபிடித்து, அவள் வாசலில் போய் நின்றான். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் எழுதிய விதி அது. அதோடு இன்னொன்றும் சேர்த்தேன். கணக்கு தொடங்காமல் 'விருந்தாளி'யாக வந்து திருத்தம் சொல்கிறவர் எங்கிருந்து வந்தார் என்பதை நாங்கள் சேமித்து வைக்க மாட்டோம். செத்தவர்கள் ஊர்ச் சொத்து, இருப்பவர்கள் அவரவர் சொத்து. இதைக் கூட்டங்களில் பெருமையாகச் சொல்வேன்.

என் சொந்த மரத்தில் அண்ணன் பக்கம் அப்படித்தான் மூடிக் கிடந்தது.

அண்ணன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். அப்பா ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர், வீட்டிலும் மேற்பார்வைதான். லிஃப்ட் சரிசெய்யப் போன ஒரு கட்டடத்தில் குடியிருந்த பெண்ணை அண்ணனுக்குப் பிடித்துவிட்டது. ஏற்கனவே கல்யாணம் ஆகி விலகியவள், அவனைவிட மூத்தவள். சாப்பாட்டு மேஜையில் விஷயத்தைச் சொன்னான். "அவளைக் கட்டினா உன்னைத் தலைமுழுகிட்டேன்னு வெச்சுக்கோ" என்றார் அப்பா. அண்ணன் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனானாம். நான் வேறு ஊரில் விடுதியில் இருந்தேன். எல்லாம் அம்மா தொலைபேசியில் சொல்லித்தான் தெரியும்.

பதினைந்து வருடம் இருக்கும். அவன் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். கைபேசி எண் வேறு யாருக்கோ போய்விட்டது, அந்த ஆளே என்னிடம் அலுத்துக்கொண்டு, "இனிமே பண்ணாதீங்க மேடம்" என்றார். நண்பர்களைக் கேட்டால் ஆளுக்கொரு ஊரைச் சொன்னார்கள். அப்பா இறந்தபோதுகூட அவனுக்குச் சொல்லியனுப்ப வழி இல்லை.

அப்பாவுக்குப் பிறகு அம்மா என்னோடு வந்துவிட்டாள். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. வாசல் கதவுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அங்கேதான் காற்று வருகிறது என்பாள். அங்கே காற்றும் வராது, ஒன்றும் வராது. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும் தலை நிமிரும்.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று சொல்வார்கள். சொன்னவர்களை நான் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒட்டுறவில் வாரத்துக்கு ஒருவராவது நன்றி எழுதுகிறார். பிரிந்துபோன அத்தை குடும்பம் கிடைத்தது, அப்பாவின் கூடப்பிறந்தவர் பிள்ளைகள் கிடைத்தார்கள் என்று. எப்படிக் கிடைக்கிறார்கள்? இறந்தவர் பக்கம் வழியாக. இரண்டு பக்கத்துச் சொந்தங்களும் ஒரே இறந்தவரைத் தேடி வந்து, நடுவில் சந்தித்துக்கொள்கிறார்கள். அண்ணனோ, அவன் மனைவியோ, அவளுடைய ஆட்களோ என்றைக்காவது வந்து அவன் பெயரைத் தேடினால் அவன் பக்கம் அகப்படவே அகப்படாது. நான் போட்ட பூட்டு அவ்வளவு நல்ல பூட்டு.

ஒரு வரி நிரல் எழுதி அவன் பக்கத்தை மட்டும் திறந்துவிட என்னால் முடியும். ஆனால் நான் எழுதுகிற ஒவ்வொரு வரியும் ஊர் பார்க்க இருக்கிறது. நூலகர் பார்ப்பார். அவருக்கு முன்னால் என் மனசாட்சி பார்க்கும், அது அவரைவிட மோசம். விதிப்படி ஒரு வழிதான் இருந்தது. நீண்ட காலமாகத் தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கருதலாம் என்று குடும்பத்தார் குறிக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மெதுவாக ஆரம்பித்தேன்.

"அம்மா, அண்ணன் பக்கம் வெளியே தெரியணும்னா ஒரே வழிதான் இருக்கு. இறந்துட்டார்னு போடணும்."

"யாரு?"

"அண்ணன்தான். சும்மா பேருக்கு."

"பேருக்கு யாராவது சாவாங்களா?"

"தேடறதுக்காகம்மா. அப்பதான் அவனைத் தெரிஞ்சவங்க யாராவது வந்தா கண்ணுல படும்."

"உன் கம்ப்யூட்டர் நல்லா இருக்கட்டும். அதுக்காக என் பிள்ளையைச் சாகடிக்க முடியாது. பெரியவன் உயிரோடதான் இருக்கான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பெத்தவளுக்குத் தெரியும்."

"பெத்தவளுக்கு அட்ரஸும் தெரிஞ்சா நல்லா இருக்கும்" என்றேன். என் வாய் அப்படி. அம்மா மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

அவளிடம் சொல்லாமல் மறுவாரம் நானே குறித்துவிட்டேன். இறந்தவர் என்ற கட்டத்தில் ஒரு சொடுக்கு. தேதி: தெரியவில்லை. வாழ்க்கைக் குறிப்பு என்ற இடத்தில், அவன் என்ன வேலை செய்தான், எப்படிச் சிரிப்பான், எந்தப் பழுதையும் காதால் கேட்டே சொல்லிவிடுவான் என்றெல்லாம் எழுதினேன். கடைசியில் இப்படி முடித்தேன்: 'தந்தையுடன் ஏற்பட்ட மனத்தாங்கலால் வீட்டைவிட்டு வெளியேறினார். அதன் பிறகு வீட்டாரைத் தொடர்புகொள்ளவில்லை.' சேமித்ததும் அவன் படத்தைச் சுற்றித் தானாகவே ஒரு சாம்பல் கோடு விழுந்தது. இறந்தவர்களுக்கென்று தாடி செய்த அலங்காரம். அழகாக இருக்கிறது என்று அவனைப் பாராட்டியவள் நான்தான்.

கோட்டுக்குக் கீழே ஓர் அறிவிப்பும் வந்தது. ஆறு மாதத்துக்குள் இறப்புக்கு ஆதாரம் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் பக்கம் மூடப்படும். அது நூலகரின் விதி. அதற்குள் யாராவது வராமலா போய்விடுவார்கள் என்று நினைத்தேன்.

இரண்டு மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு நாள் மத்தியானம், மருத்துவமனைக் கேன்டீனில் தேநீருக்காக வரிசையில் நின்றபோது கைபேசியில் செய்தி வந்தது. 'உங்கள் குடும்ப மரத்தில் ஒரு விருந்தாளி திருத்தம் சொல்லியிருக்கிறார். ஏற்கிறீர்களா?'

அண்ணன் பக்கம்தான். நான் எழுதிய கடைசி வாக்கியத்தை அடித்துவிட்டு வேறு எழுதியிருந்தது. 'அதன் பிறகு இரண்டு முறை வீட்டுக்கு வந்தார். கதவு திறக்கப்படவில்லை.'

ஆதாரம் என்ற இடத்தில்: 'நேரில் இருந்தேன்.'

எனக்கு முதலில் வந்தது கோபம். எவனோ விஷமம் செய்கிறான் என்று நினைத்தேன். தளத்தில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. நிராகரிக்கிற பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோய்விட்டேன். பின்னால் நின்ற நர்ஸ், "வாங்கறீங்களா, வழி விடறீங்களா?" என்றாள். வழிவிட்டேன். ஓரமாக நின்று மறுபடி படித்தேன். விஷமம் செய்கிறவன் இன்னும் சுவாரசியமாக எழுதியிருப்பான்.

அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். அம்மா கதவருகே அதே நாற்காலியில் இருந்தாள்.

"என்னடி, உடம்பு சரியில்லையா?"

"அம்மா, ஒண்ணு கேக்கறேன். அண்ணன் போனதுக்கு அப்புறம் எப்பவாவது வீட்டுக்கு வந்தானா?"

அவள் முகம் மாறிய விதத்தில் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. இருந்தாலும் காத்திருந்தேன்.

"யாரு சொன்னா?"

"வந்தானா, இல்லையா?"

"வந்தான்."

"எத்தனை தடவை?"

"ரெண்டு தடவை." குரல் உள்ளே போய்விட்டது. "முதல் தடவை, போன கொஞ்ச நாள்லயே. அப்பா ஹால்ல உட்கார்ந்திருந்தாரு. திறந்தா நான் வெளிய போயிடுவேன்னாரு. திறக்கலை. ரெண்டாம் தடவை, அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து படுத்திருந்தப்ப. டாக்டர் சின்ன அதிர்ச்சிகூடக் கூடாதுன்னு சொல்லியிருந்தாரு. அப்பா தூங்கிட்டிருந்தாரு. நான்தான் கதவுகிட்ட போனேன். அந்தக் கண்ணாடி ஓட்டை வழியா பார்த்தேன்."

"அண்ணனா?"

"ஆமா. தோள்ல ஒரு குழந்தை. தூங்கிட்டிருந்துச்சு. பொண்ணா பையனான்னுகூடத் தெரியலை, முதுகுதான் தெரிஞ்சுது. மெதுவாத்தான் தட்டினான், குழந்தை முழிச்சிடும்னு. 'அம்மா'ன்னு கூப்பிட்டான். நான் தாழ்ப்பாள்மேல கையை வெச்சுட்டு மூச்சை அடக்கிட்டு நின்னேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டுப் போயிட்டான்."

"ஏம்மா எங்கிட்ட சொல்லலை?"

"எந்த வாயால சொல்றது?"

எனக்கு அவளை உலுக்க வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொள்ளவும் வேண்டும் போல இருந்தது. இரண்டையும் செய்யாமல் தரையில் உட்கார்ந்தேன். இத்தனை வருடம் அவன்தான் எங்களை மறந்துவிட்டான் என்று நினைத்து அவன்மேல் கோபமாக இருந்தேன். அந்தக் கோபத்தை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

திடீரென்று அம்மா என் தோளைப் பிடித்தாள். "நீ எப்படித் தெரிஞ்சுக்கிட்டே? அது அவனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். ரெண்டாம் தடவை வந்தது அப்பாவுக்கேகூடத் தெரியாது. அவன் சொன்னானா? பெரியவன் பேசினானா?"

"பேசலை. எங்க தளத்துல எழுதியிருக்கான். இன்னைக்கு."

"இன்னைக்கா?" அம்மா எழுந்து நின்றுவிட்டாள். "நான் சொல்லலை? உயிரோட இருக்கான்னு சொன்னேனா இல்லையா?" அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. "எங்க இருக்கானாம்?"

"தெரியாதும்மா. எங்கேயிருந்து எழுதறாங்கன்னு நாங்க சேமிக்கறதில்லை."

"ஏன்?"

"நான்தான் வேண்டாம்னு சொன்னேன்."

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் விஷயத்தில் அது வினைகூட இல்லை, நல்லது என்று நினைத்து ஊருக்கே செய்தது.

அம்மாவுக்குப் பக்கத்தைக் காட்டாமல் இருக்க முடியவில்லை. மடிக்கணினியை மேஜைமேல் வைத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து, முதலில் அவன் படத்தைத் தடவினாள். பிறகு ஒவ்வொரு வரியாக, உதடு அசையப் படித்தாள். கடைசியில் மேலே இருந்த வரிக்குத் திரும்பியதும் நின்றாள். 'நீண்ட காலமாகத் தகவல் இல்லாததால் இறந்தவராகக் கருதப்படுகிறார்.'

"இதை யாரு போட்டது?"

"நான்தான்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவன் இதைப் பார்த்திருப்பானா?"

"மேலேயே இருக்கும்மா. பார்க்காம இருக்க முடியாது."

"தப்புன்னு அவனால மாத்த முடியாதா?"

"முடியும். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்துலயும் 'இது தவறு'ன்னு ஒரு பொத்தான் இருக்கு. கடைசி வரிக்கு அழுத்தியிருக்கான். இதுக்கு அழுத்தலை."

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள், அதற்குள் மாறியிருக்குமோ என்பதுபோல. அப்பா வாயால் சொன்னதை நான் எழுத்தில் போட்டு ஊருக்குக் காட்டியிருக்கிறேன். அவன் எங்கேயோ ஓர் அறையில் உட்கார்ந்து அதைப் படித்திருக்கிறான். வந்தவனை வரவில்லை என்று சொன்னதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. செத்தான் என்று சொன்னதைப் பொறுத்துக்கொண்டான்.

"மாத்து" என்றாள் அம்மா. "உயிரோட இருக்கான்னு மாத்து. ஒரு நிமிஷம்கூட இது இருக்கக் கூடாது."

"மாத்தினா பக்கம் மூடிடும்மா. உயிரோட இருக்கறவங்க பக்கம் குடும்பத்துக்கு மட்டும்தான் தெரியும். அவன் நம்ம மரத்துல சேரலை, விருந்தாளியா வந்துட்டுப் போயிருக்கான். மறுபடி வந்தா அவனுக்கே இந்தப் பக்கம் தெரியாது."

"அவன் பக்கம் அவனுக்கே தெரியாதா?"

"தெரியாது. இப்படி ஒண்ணு இல்லவே இல்லைங்கற மாதிரி இருக்கும்."

அம்மா நிரல் எழுதத் தெரியாதவள். ஆனால் நான் பல கூட்டங்களில் படம் போட்டு விளக்கியும் பலருக்குப் புரியாததை அவள் அந்த நொடியில் புரிந்துகொண்டாள்.

"அப்ப மறுபடியும் அவன் வந்து நிக்கிறப்ப நாம சாத்தி வெச்ச மாதிரி ஆகும்."

"ஆமா."

மேஜையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். "வேண்டாம். அப்படியே இருக்கட்டும்."

திருத்தத்தை ஏற்றேன். கதவு திறக்கப்படவில்லை என்பது எங்கள் குடும்ப வரலாற்றில் ஏறியது. அதற்குக் கீழே விருந்தாளிகள் படிக்கிற இடத்தில் ஒரு குறிப்பு எழுதினேன். 'அண்ணா' என்று எழுத முடியாது. அவன் உயிருடன் இருப்பது எனக்குத் தெரியும் என்று எழுத்தில் வந்துவிட்டால், என் விதிப்படியே பக்கத்தை மூட வேண்டும். அதனால் இப்படி எழுதினேன்: 'இந்தத் திருத்தத்தைச் செய்தவர் தயவுசெய்து தொடர்புகொள்ளவும். அம்மா பேச விரும்புகிறார்.' எண்ணையும் கொடுத்தேன். கூடப்பிறந்தவனுக்கு நான் எழுதியது அவ்வளவுதான், ஏதோ அலுவலகச் சுற்றறிக்கை மாதிரி.

தாடியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். திரையில் அவன் முகம் வாடிவிட்டது. "அக்கா, உங்க அப்பா பக்கத்துல எழுதலாமே? அவர் நிஜமாவே இறந்தவர், அந்தப் பக்கம் எப்பவும் திறந்திருக்கும்ல?"

"அப்பா பக்கத்துக்கு அவன் எதுக்குடா வருவான்?"

"நாமதான் ரொம்ப நல்லாக் கட்டிட்டோம்க்கா" என்றான்.

வாரங்கள் போயின. நான் வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றும்போதே அம்மா, "யாராவது வந்தாங்களா?" என்பாள். தளத்தைத்தான் கேட்கிறாள். "இல்லம்மா." கைபேசியைச் சார்ஜில் போட்டால்கூட அவளுக்குப் பயம், சத்தம் கேட்காமல் போய்விடுமோ என்று. வங்கியிலிருந்து கடன் வேண்டுமா என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் எங்கள் வீட்டில் முதல் மணியிலேயே பதில் கிடைத்தது. அவன் வரவில்லை. பேசவுமில்லை.

ஆறு மாதம் முடிகிற நேரத்தில் நூலகர் அழைத்தார். சொந்தக் குடும்பத்துப் பக்கத்தை அவரவரே சரிபார்க்கக் கூடாது என்பதால் எங்கள் மரம் அவர் பொறுப்பில் இருந்தது.

"உங்க அண்ணன் பக்கத்துக்கு ஆதாரம் இன்னும் வரலைம்மா. சான்றிதழ் இருக்கா?"

"இல்ல மேடம்."

"கல்லறைப் படம், பத்திரிகை அறிவிப்பு, எதுவும்?"

"இல்ல."

"அப்ப அம்மாவோட வாய்மொழி போதும். நெருங்கின உறவு சொன்னா நாம ஏத்துக்கறோம்ல. குரல் பதிவு, ஒரு நிமிஷம்." அவர் தயங்கினார். "கஷ்டமான விஷயம், எனக்குப் புரியுது. ஆனா உங்களுக்கு மட்டும் சலுகை குடுத்தா நாளைக்கு யாரையும் கேக்க முடியாது. நான் அவசரப்படுத்தலை. இந்த வாரத்துக்குள்ள வந்தாப் போதும்."

நியாயமாகப் பேசுகிறவர்களோடு சண்டை போட முடியாது. அதுதான் அவர்களிடம் எனக்குப் பிடிக்காதது. இருப்பவனை இறந்தவன் என்று சாட்சி வைப்பது தளத்துக்கு நான் செய்கிற துரோகம் என்பதும் எனக்குத் தெரியும். இன்னொருவர் செய்திருந்தால் அவரை வெளியே அனுப்பச் சொல்லி முதல் ஆளாகக் கத்தியிருப்பேன்.

அம்மாவிடம் சொன்னேன். சொல்லும்போதே, "வேண்டாம்னா விட்டுடலாம்மா. மூடினா மூடட்டும்" என்றேன்.

"நான் என்ன சொல்லணும்?"

"உன் பேரு, நீ அவனுக்கு என்ன உறவு, அப்புறம்..."

"அப்புறம் அவன் செத்துட்டான்னு."

"ஆமா."

"அந்தப் பதிவு பக்கத்துல இருக்குமா? வர்றவங்க கேக்கலாமா?"

"கேக்கலாம்."

"அவன் வந்தா அவனும் கேக்கலாம்."

"கேக்கலாம்மா."

எழுந்துபோய் முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தாள். குரல் மட்டும்தான், முகம் தெரியாது என்று நான் சொல்லவில்லை. ஜன்னலைச் சாத்தினேன், மின்விசிறியை நிறுத்தினேன். கைபேசியை மேஜையில் அவள் முன்னால் வைத்தேன்.

முதல் தடவை தன் பெயரைச் சொன்னாள். "நான் அவனோட அம்மா. என் பெரிய பிள்ளை..." அதற்குமேல் வரவில்லை. இரண்டாம் தடவை 'பெரிய' என்பதிலேயே குரல் உடைந்துவிட்டது. கீழே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள், அந்தச் சாக்கில் நிறுத்தினேன்.

"போதும்மா. விட்டுடலாம்."

"அழுத்துடி."

மூன்றாம் தடவை கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள். "நான் அவனோட அம்மா. என் பெரிய பிள்ளை இறந்துட்டான். எங்க, எப்பன்னு தெரியாது. எனக்குத் தெரிஞ்சது இதுதான்."

பதிவை நிறுத்தக் கை நீட்டினேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு பலம் அவளிடம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கைபேசிமேல் குனிந்து, பக்கத்து அறையில் யாரோ தூங்குகிற மாதிரி மெதுவாகப் பேசினாள்.

"அன்னைக்கு நான் உள்ளதான்டா நின்னுட்டிருந்தேன். குழந்தை நல்லா இருக்கா?"

பிறகு என் கையை விட்டாள்.

நூலகர் ஒவ்வொரு பதிவையும் முதலிலிருந்து கடைசிவரை கேட்பார், இரண்டு தடவை கேட்பார். செத்துப்போன பிள்ளையிடம் யாரும் குழந்தை நல்லா இருக்கா என்று கேட்பதில்லை. அதைக் கேட்ட மறுநிமிடம் அவருக்கு எல்லாம் விளங்கிவிடும், பக்கத்தை மூடச் சொல்வார், நானும் மூட வேண்டியிருக்கும். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடுத்த அறையில் உட்கார்ந்தேன். 'எனக்குத் தெரிஞ்சது இதுதான்' என்பதற்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் கோடு போட்டேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்ததை வெட்டினேன். மிச்சத்தைத் தளத்தில் ஏற்றினேன்.

சாயங்காலமே நூலகர் எழுதிவிட்டார். 'ஆதாரம் ஏற்கப்பட்டது. தாயாருக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்.'

அம்மா சேலையை மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏத்திட்டியா?"

"ஏத்திட்டேன்மா."

"குரல் நல்லா கேக்குதா?"

"கேக்குது."

"கடைசியா கேட்டேனே, அதுவும்?"

"அதுவும்தான்" என்றேன்.